பொல்கொல்ல போகும் மிஸ்மார்

ஹட்டன் ஸ்டேஷனை விட்ட ரயில் கொஞ்ச நேரத்தில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகும். அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். மலைநாட்டு ரயில் பாதையில் இதைவிட நீண்ட சுரங்கம் கிடையாது. இருட்டு விழுந்ததும் பெட்டியில் இருக்கும் இளவட்டங்கள் ஊளையிடுவது எழுதாத சட்டம். ஊளை ஓய்ந்து வெளிச்சம் வந்தால் கொட்டகலை. சுரங்கத்துக்கு ஹட்டன் பக்கம் பெய்கிற மழை களனி கங்கைக்குப் போகிறது. கொட்டகலைப் பக்கம் பெய்வது கொத்மலை ஓயாவில் இறங்கி மகாவலியில் சேர்கிறது. மேகம் ஒன்றுதான். கொழும்புக் கடலா திருகோணமலைக் கடலா என்பதை நடுவில் நிற்கிற மலை முடிவு செய்கிறது.

கொட்டகலை நீளவாக்கில் வளர்ந்த டவுன். ஏ-7 வீதியின் இரண்டு பக்கமும் கடைகள், கோயில், மரக்கறி ஏற்றும் லொறிகள், ஆட்டோக்கள், பின்னால் எந்தத் திசையில் பார்த்தாலும் தேயிலை. வெளியூர்க்காரர்கள் டெவன் நீர்வீழ்ச்சியையும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியையும் பார்க்கப் போகிற வழியில் இங்கே வண்டியை நிறுத்தித் தேத்தண்ணி குடிப்பார்கள். மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபின் சென் கிளயர் பழைய சென் கிளயர் இல்லை. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட நான் வரவில்லை. சித்தி வீட்டுக்கு வந்தேன். டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்தை ஒட்டிக் கட்டிய தனி வீடு. வந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு மிஸ்ஸைப் பற்றிச் சித்தி சொன்னாள்.

"முப்பத்தாறு வயசு, ரெண்டு புள்ளைக, அரசாங்க ஆஸ்பத்திரில வேல. இதுக்கு மேல என்னத்தப் படிக்கப் போறாளோ! சனிக்கெழம ஆனா பைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிருது."

மலைநாட்டில் தாதியை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சரும் மிஸ்தான். இந்த மிஸ் படிப்பது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியர் விஞ்ஞானப் பட்டம். ஏற்கனவே தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்து, தாதியர் பேரவையில் பதிவு செய்து, வாட்டில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கான படிப்பு. நான் பேச வேண்டும் என்று கேட்டதும் அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்: "வீட்டுல வச்சுப் பேசினா ஒண்ணும் விளங்காது அக்கா. என்னோட வாங்க. சனிக்கிழமை வெள்ளன நாலரைக்கு ரெடியா இருங்க."

வெள்ளன நாலரைக்குக் கொட்டகலையில் நாய்கள்கூட எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் ஹட்டன். அங்கே கண்டி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மிஸ் ஏறியதும் நடுவில் ஜன்னலோரமாக இரண்டு சீட்டைப் பிடித்தார். பின் சீட்டில் தூங்க முடியாது, முன் சீட்டில் பாட்டுச் சத்தம் என்று காரணமும் சொன்னார். இந்தப் பஸ்ஸில் எங்கே உட்கார வேண்டும், எந்த வளைவு வரை படிக்கலாம், எங்கே புத்தகத்தை மூட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கினிகத்தேன வரைக்கும் வளைவுகள். அதற்குள் படித்தால் வாந்திதான் வரும். நாவலப்பிட்டியில் பாதை கொஞ்சம் நிமிரும். அங்கிருந்து கம்பளை வரை ஒரு அத்தியாயம் முடிக்கலாம்.

வளைவுகள் முடிகிற வரைக்கும் பேசினோம்.

அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா மலையில் கவ்வாத்து வெட்டினார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தாள். அதற்கே ஒரு கதை உண்டு. தோட்டப்புறத்தில் விஞ்ஞானப் பிரிவு ஒழுங்காக நடக்கிற தமிழ்ப் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆசிரியர் இருந்தால் ஆய்வுகூடம் இருக்காது, ஆய்வுகூடம் இருந்தால் ஆசிரியர் மாற்றலாகிப் போயிருப்பார். ரசாயனவியலுக்கு ஹட்டனில் டியூஷன். மூன்று பாடமும் பாஸ். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஆளெடுக்கப் பார்க்கும் இசட் புள்ளியில் கொஞ்சம் குறைந்துவிட்டது.

இலங்கைக்கு வெளியே வாசிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே உயர்தரம் பாஸாகிறவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகம் போக முடியாது. இருக்கிற இடங்களை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் ஒரு பங்கும், மாவட்டங்களின் சனத்தொகைப்படி இன்னொரு பங்கும், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒரு சிறு பங்கும் வைத்துப் பிரிக்கிறார்கள். நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. இருந்தும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது முழுதாகக் கிடைப்பதில்லை என்பது இங்கே பழைய மனக்குறை. வெளி மாவட்டத்து மாணவர்கள் இங்குள்ள பாடசாலைகளில் பதிந்து பரீட்சை எழுதி இடத்தைக் கொண்டுபோகிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் புகார் எழும், ஆறும், அடுத்த வருடம் திரும்ப எழும். ஒரு சின்ன எண் குறைந்ததால் மருத்துவ பீடத்துக்கும் விஞ்ஞான பீடத்துக்கும் வெளியே நின்றுவிட்ட பிள்ளைகளில் பலர்தான் பிறகு தாதியர் கல்லூரிக்குப் போகிறார்கள். பல்கலைக்கழகம் அவர்களுக்குப் புதிய ஆசை இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்த இடம்.

"ரிசல்ட் வந்த அன்னைக்கு அம்மா ஒண்ணும் சொல்லல. மறுநாள் வழக்கம்போல பெரட்டு, வேலைன்னு போயிட்டாங்க. எனக்குத்தான் தாங்கல" என்றார் மிஸ். வேறெதுவும் சொல்லாமல் வெளியே பார்த்தார். வட்டவளைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. இந்த நாட்டிலேயே மழைக்குப் பேர்போன இடங்களில் ஒன்று அது.

அம்மாவின் காலத்தில் இந்த ஏமாற்றத்துக்கே வழி இருக்கவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜையாக இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. தாதி வேலை அரசாங்க உத்தியோகம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இவர்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்தப் பிரிப்பின் மிச்சத்தைத் தீர்க்க 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மலையகத் தமிழர். ஆனால் மாவட்டத்தின் ஆஸ்பத்திரி வாட்டுகளில் தமிழ் பேசுகிற தாதிகளைத் தேட வேண்டியிருக்கிறது. அதன் காரணம் வாட்டுக்குள் இல்லை. அது அறுபது, எழுபது வருடம் பின்னால் கிடக்கிறது.

அதற்கும் முன்னால் வைத்தியம் எப்படி நடந்தது? 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் என்று ஒன்றைக் காலனி அரசு கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்குத் தோட்டங்களிடமிருந்து பணம் திரட்டுவது அதன் அடிப்படை. இரக்கத்தினால் மட்டும் வந்த சட்டம் என்று நான் நினைக்கவில்லை. கோப்பித் தோட்டத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தால் கோப்பிக்கும் நட்டம். பிறகு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு டிஸ்பென்சரி, அதில் ஒருவர். அவர் டொக்டர் இல்லை, ஆனாலும் டொக்டரையா. காய்ச்சலுக்கு ஒரு தண்ணி மருந்து, வயிற்றுவலிக்கு இன்னொரு தண்ணி மருந்து. அவர் சீட்டு எழுதினால்தான் அன்றைக்கு வேலைக்கு வராததற்கு மன்னிப்பு. நோயாளி கேள்வி கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. மருந்து கொடுக்கிறவரும் மேலே இருப்பவரிடம் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. 1990களுக்குப் பின் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக அரசிடம் போயின. 2017 மே மாதம் டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆதார வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்தார். அன்றைக்கு நோர்வூட் மைதானத்தில் கூடிய கூட்டத்தைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். கட்டிடம் வந்துவிட்டது. கேள்வி கேட்கிற பழக்கம் கட்டிடத்தோடு வருவதில்லை.

நாவலப்பிட்டியில் பஸ் நின்றது. சூடாக மாலு பணிஸ் வாங்கினோம். மிஸ் சொன்னபடியே புத்தகத்தைத் திறந்தார். ஆங்கிலப் புத்தகம், ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ்.

இந்தப் படிப்பு தொடங்கியது 1994இல். நாவலையில் 1980இல் அமைந்த திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கனேடிய அரசின் உதவிப் பணத்தில் ஆரம்பித்தது. அதபாஸ்கா ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கிற தொலைக்கல்விப் பல்கலைக்கழகம். பனிக்காலத்தில் ஊரைவிட்டு நகர முடியாத தாதிகளுக்கு அங்கே தபாலில் பாடம் போனது. இங்கே அதே முறை மழைக்கும் மண்சரிவுக்கும் பொருந்தியது. அந்தக் காலகட்டத்திலேயே இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பணியிலிருக்கும் தாதிகளுக்கான பட்டத்தைத் தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1946லேயே தாதியர் பட்டப்படிப்பை ஆரம்பித்துவிட்டதை நினைத்தால், நாம் அரை நூற்றாண்டு தாமதம். உயர்தரம் முடித்த கையோடு சேரும் முழுநேரத் தாதியர் பட்டம் பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு 2000களின் நடுப்பகுதியில்தான் வந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடமும் இலங்கையில் பட்டதாரித் தாதி என்றால் கிட்டத்தட்ட எல்லாரும் இப்படிப் பஸ்ஸில் படித்தவர்கள்தான்.

கம்பளை தாண்டியதும் புத்தகம் மூடப்பட்டது. கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, பேராதனைப் பாலம் வரை தூங்கினார். முந்தின நாள் அவருக்கு மாலை டியூட்டி.

தாதியின் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்லி முடிக்க முடியாது. காலை 7 முதல் பகல் 1 வரை ஒரு டியூட்டி, 1 முதல் இரவு 7 வரை இன்னொன்று, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை நைட். இதற்கு மேல் ஓவர்டைம். சம்பளத்தில் கணிசமான பகுதி அந்த ஓவர்டைமில் வருகிறது. சனி, ஞாயிறு வகுப்புக்குப் போனால் அந்தக் காசு போகும். வகுப்புக்குப் போக டியூட்டி மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். மிஸ்ஸின் பையில் பாடப்புத்தகத்தோடு ஒரு சின்னக் கொப்பி இருந்தது. யாருக்கு எத்தனை நைட் கடன் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பி தொலைந்தால் புத்தகம் தொலைந்ததைவிடப் பெரிய பிரச்சினை.

"லீவு தரமாட்டாங்களா?"

"கேட்டா சிரிப்பாங்க அக்கா. வாட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. நான் போனா ஒருத்தி."

2022இல் நாடு வங்குரோத்தான பிறகு இது இன்னும் மோசமானது. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்பு குறையாது என்று அந்த வருடம் சுற்றறிக்கை வந்தது. டொலர் வேண்டும் என்பதற்காக எடுத்த முடிவு. தாதிகளும் போனார்கள். இருப்பவர்கள் போனவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பட்டம் படிப்பவர்களில் ஒரு பகுதியினர் அதை வைத்து வெளிநாடு போகத்தான் படிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளிடம் போகாதே என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது?

கண்டியில் இறங்கி இன்னொரு பஸ். பொல்கொல்லையில் மகாவலியின் குறுக்கே ஒரு அணை நிற்கிறது. 1976இல் இருந்து ஆற்றின் ஒரு பகுதியை மலைக்குள் குடைந்த வழியாக வடக்கே வறண்ட பிரதேசத்துக்குத் திருப்புகிறது. கொட்டகலையில் பெய்த மழையும் கொத்மலை வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. அந்தப் பொல்கொல்லையில்தான் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம். ஹட்டனில் ஒரு கற்கை நிலையம் இருக்கிறது, ஆனால் இந்தப் படிப்பின் வகுப்புகளுக்கும் பயிற்சிகளுக்கும் கண்டிக்கோ கொழும்புக்கோ போகத்தான் வேண்டியிருக்கிறது என்றார் மிஸ். கொரோனாவுக்குப் பிறகு சில வகுப்புகள் ஸூமில் நடக்கின்றன. லயத்தில் சிக்னல் இல்லை. நைட் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வகுப்புக் கேட்டதாகச் சொன்னார்.

வகுப்புக்குள் எனக்கு இடமில்லை. கென்டீனில் உட்கார்ந்தேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. இடைவேளையில் மிஸ்மார் எல்லாரும் அங்கேதான் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் சிங்களவர், குருநாகல், மாத்தளை, கேகாலை. இரண்டு ஆண் தாதிகள். தமிழில் பேசியவர்கள் ஒரு மேசைக்கு மேல் இல்லை. கையில் பெட்டிச் சோறு, மேசையில் பாதி எழுதிய அசைன்மென்ட். நான் பார்த்த பல்கலைக்கழகக் கென்டீன்களில் காதலும் அரசியலும்தான் பேசுபொருள். இங்கே பேச்சு, பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை, மாமியாரின் சீனி வருத்தம், மேட்ரன் போட்ட ரோஸ்டர்.

ஆங்கிலம் எல்லாருக்கும் மேட்டுநிலம். வாட்டில் ஆங்கிலச் சொற்கள் புழங்கும், மருந்துப் பெயர்களும் அளவுகளும் கைவரும். ஆனால் ஒரு பக்கம் வாதம் வைத்து எழுது என்றால் மாத்தளைச் சிங்களப் பெண்ணுக்கும் கொட்டகலைத் தமிழ்ப் பெண்ணுக்கும் கை ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் ஒரு கூட்டு உருவாகியிருக்கிறது. ஒருவர் படித்துச் சிங்களத்தில் விளக்குவார், மிஸ் அதைத் தமிழில் ஓரத்தில் குறிப்பார், பிறகு எல்லாரும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு வரி தேடுவார்கள். இனப்பிரச்சினைக்குக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் ஒரு சனிக்கிழமை இந்தக் கென்டீனில் வந்து உட்காரலாம்.

பட்டம் எடுத்தால் சம்பளம் கூடுமா என்று மேசையில் கேட்டேன். சிரித்தார்கள். ஒருவர், "காகிதம் கூடும்" என்றார் சிங்களத்தில். கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில்தான் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த ஆசிரியர் பிறகு ஒரு பட்டம் எடுத்தால் சேவைத் தரத்தில் அதற்கு இடமுண்டு. இந்த மேசையில் இருந்தவர்கள் சொன்னபடி, வாட்டில் அவர்களுக்கு அதே வேலை, அதே கட்டில்கள், ஏறக்குறைய அதே சம்பளம். விரிவுரையாளராகவோ தாதியர் கல்லூரி ஆசிரியராகவோ போக விரும்பினால் பட்டம் உதவும். வாட்டிலேயே இருக்கப் போகிறவருக்கு அது அவருடைய சொந்தப் பொழுதுபோக்கு மாதிரிதான் நடத்தப்படுகிறது. இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் இந்தப் படிப்பின் பலன் வீட்டுச் சுவரில் மாட்டுகிற படத்தில் இல்லை, கட்டிலில் கிடக்கிறவரிடம் இருக்கிறது என்பதற்கு உலகத்தில் ஆதாரம் இருக்கிறது.

2014இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் தாதியியல் ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகள், சத்திரசிகிச்சைக்கு வந்த 4 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு ஆஸ்பத்திரியில் பட்டம் பெற்ற தாதிகளின் பங்கு 10 சதவீதம் கூடினால், நோயாளி முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. தாதி ஒருவருக்கு நோயாளி ஒருவர் கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் ஏறியிருந்தது. அமெரிக்காவில் 2003லேயே அவர் இதுபோன்ற முடிவைக் கண்டிருந்தார். 2017இல் நியூயோர்க் மாநிலம் ஒரு சட்டமே போட்டது: புதிதாகப் பதிவாகும் தாதிகள் பத்து வருடத்துக்குள் பட்டம் எடுக்க வேண்டும்.

இந்த எண்களை அப்படியே ஹட்டனுக்குத் தூக்கிவர முடியாது. அங்கே பட்டதாரித் தாதிகள் அதிகமுள்ள ஆஸ்பத்திரி வேறு பல விதத்திலும் நல்ல ஆஸ்பத்திரியாக இருக்கலாம். இரண்டு பேர் பார்க்கிற வாட்டில் ஒருவருக்குப் பட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கிறவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆய்வின் இரண்டாவது பாதியை யாரும் இங்கே எடுத்துச் சொல்வதில்லை என்பதையும் கவனித்தேன். படித்த தாதி மட்டும் போதாது, போதுமான தாதிகளும் வேண்டும் என்கிறது அது.

மாலை திரும்பும் பஸ்ஸில் மிஸ்ஸிடம் இதையே வேறு மாதிரிக் கேட்டேன். படித்ததால் வாட்டில் என்ன மாறியது?

யோசித்துவிட்டுக் குளவிக் கதையைச் சொன்னார். தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தால் ஒரு கூட்டமே ஆஸ்பத்திரிக்கு வரும். அன்றைக்கும் அப்படித்தான் லொறியில் ஏற்றி வந்தார்கள். எல்லாரும் கத்துகிறார்கள், முகமெல்லாம் வீக்கம். ஒரு வயதான அம்மா மட்டும் பெஞ்சு ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"கத்துறவங்களுக்கு மூச்சு இருக்கு அக்கா. பேசாம இருந்தவங்களத்தான் முதல்ல பாத்தேன். பிரஷர் எறங்கிப் போச்சு. டொக்டரக் கூப்பிட்டு, இவங்களுக்கு இப்பவே அட்ரினலின் வேணும்னு சொன்னேன்."

"இது பட்டப்படிப்பில் படித்ததா?"

"இல்ல, டிப்ளோமாலயே படிச்சதுதான்" என்று ஒளிக்காமல் சொன்னார். "ஆனா முந்தியெல்லாம் டொக்டர் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பேன். வந்தா, சேர், இவங்க ஒரு மாதிரி இருக்காங்கன்னு சொல்லுவேன். இப்ப என்ன பாத்தேன், எத்தன மணிக்குப் பாத்தேன், என்ன நெனைக்கிறேன்னு சொல்றேன். தலையிலேருந்து கால் வரைக்கும் சோதிச்சு எழுதற பாடம் ஒண்ணு இருக்கு. அத முடிச்சப்புறம் வாய் தெறந்திருச்சு."

டிஸ்பென்சரிக் காலத்திலிருந்து இந்த மலையில் குறைந்திருந்தது அந்த வாய்தான். மருந்து குறைவாக இருந்தது, வண்டி குறைவாக இருந்தது, எல்லாம் உண்மை. கூடவே, பார்த்ததைப் பார்த்தேன் என்று மேலே இருப்பவரிடம் சொல்கிற ஆளும் குறைவாக இருந்தார். இந்தப் பட்டம் அதைக் கற்றுக் கொடுக்கிறது என்றால், ஓவர்டைமை விட்டுக்கொடுத்ததற்கு நியாயம் இருக்கிறது. அரசாங்கமும் தன் பங்குக்கு எதையாவது விட்டுக்கொடுக்கலாம், குறைந்தபட்சம் சனிக்கிழமையை.

கடைசி வருடத்துக்கு அவர் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். தலைப்பைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், திரிபோஷா சத்துமாவும் கொடுக்கிறார்கள். தோட்டப்புறத்தில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் கிட்டத்தட்ட 32. தாயின் இரத்தச்சோகையும் இதில் ஒரு கண்ணி. தேயிலையில் இருக்கிற டானின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். இங்கே பெண்கள் சாயத்தண்ணி குடிக்காத வேளை உண்டா? மாத்திரையையும் அதோடுதான் விழுங்குகிறார்களா என்று மிஸ் கேட்கப் போகிறார். தேத்தண்ணியோடு குடிக்காதே என்று மிட்வைஃப் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். சொன்னது மலை ஏறியதா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், ஒவ்வொரு பெண்ணிடமும் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். கேள்விப் படிவத்தைக் காட்டினார். "மாத்திரையை எதனுடன் உட்கொள்கிறீர்கள்? தண்ணீர், பால், தேநீர், வேறு." நேர்த்தியாகத் தட்டச்சு செய்திருந்தார்.

ஹட்டனில் அவர் இறங்கி ஓடினார். ஏழு மணிக்கு நைட். கொப்பியில் இருந்த கடன்களில் ஒன்று.

மறுநாள் சித்தி வீட்டில் காலை ரொட்டியும் கட்டச்சம்பலும். சித்தியின் மருமகள் ஐந்து மாதம். நான் சும்மா இருந்திருக்கலாம். மாத்திரையை எதோடு விழுங்குகிறாய் என்று கேட்டுவிட்டேன்.

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்தாள். "நான் போடறதே இல்லீங்க. காலைல போட்டா மலையில குமட்டுது. மலையில நின்னுக்கிட்டு வாந்தி எடுத்தா கொழுந்து நெறுவையில காட்டுமே. ராவுல போட்டா வயிறு கட்டிக்குது. கக்கூசு அந்தா கீழ இருக்கு, லைட்டும் இல்ல. இருட்டுல எத்தன தடவ எறங்கறது? மிஸ் கேட்டா போட்டேன்னு சொல்லிருவேன்." மாத்திரைகள் பழைய மைலோ டின்னில் இருந்தன.

மத்தியானத்துக்கு மேல் மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். நைட் முடிந்து தூங்கி எழுந்த குரல். பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இதுக்கு என் படிவத்துல கட்டமே இல்லையே அக்கா" என்றார்.

"'வேறு' என்று ஒன்று இருக்கிறதே?"

"அது எதோட குடிக்கிறாங்கங்கறதுக்கு. குடிக்கிறாங்களான்னே நான் கேக்கல." பேனா தேடுகிற சத்தம் கேட்டது. "முதல் கேள்வியையே மாத்தணும். மாத்தினா திரும்ப அனுமதி எடுக்கணும். பரவால்ல. வயித்துக் கட்டுக்கு என்ன செய்யலாம்னு மிட்வைஃப் மிஸ்ஸோட நான் பேசறேன், அது வேற விஷயம். ஆனா அக்கா, யாருன்னு என்கிட்ட சொல்லிராதீங்க. கையெழுத்து வாங்காமக் கேட்டது ஆய்வுல வராது. அனுமதி வந்ததும் நானே வீடு வீடா வந்து கேக்கறேன். அதுவரைக்கும் நீங்க அங்க யாருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுத்துராதீங்க."